ஊறவைக்காத தீனி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஏற்காட்டில் எங்கள் கடைக்கு ஒரு தடவையாவது வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வெங்காயத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனால் கத்துவேன். கரண்ட் போனால் கத்துவேன், வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று கத்துவேன். 'கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்' என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும். கோபத்தையே ஒரு நல்ல குணம்போல ஐம்பத்தெட்டு வயது வரை சுமந்துகொண்டு திரிந்தேன்.

போன தையில் ஒரு நாய்க்குட்டி என் பொறுப்பில் மூன்று நாள் பட்டினி கிடந்தது. சாகக் கிடந்தது என்றே சொல்ல வேண்டும். அதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. உண்மையான காரணம் வேறு. அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் கடை ஏரிக்கு மேலே, வாழவந்திப் பக்கம் போகிற பஸ் நிற்கிற இடத்தில் இருக்கிறது. என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், சேலத்திலிருந்து வந்து போட்ட மளிகைக் கடை. எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள், பங்களாக்காரர்கள், சனி ஞாயிறு மட்டும் வந்து கதவைத் திறந்து மூடிவிட்டுப் போகிற வீட்டுக்காரர்கள், எல்லோரும் வருவார்கள். நாய்த் தீனியும் விற்கிறேன். மூட்டையாக வரும், நிறுத்துக் கொடுப்பேன். பழுப்பு நிறத்தில் சுண்டைக்காய் அளவில் மொறுமொறுவென்று இருக்கும். மூட்டை வாயை இறுக்கிக் கட்டாவிட்டால் இங்கே இருக்கிற பனிக்கு ஒரே நாளில் நமத்துவிடும். பத்து வருஷமாக விற்கிறேன், ஒரு நாயாவது அதைத் தின்று நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் நாய் வளர்க்கிற வழக்கம் இல்லை.

அதற்காக நாய் மேல் வெறுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. வாசலில் படுத்திருக்கிற நாய்களுக்கு என் மனைவி மீந்த சோற்றைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவாள். ஆனால் நாயின் எச்சில் உடம்பிலோ துணியிலோ பட்டால் கழுவாமல் தொழக் கூடாது. பாத்திரத்தில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் ஹஜ்ரத் சொல்லிக் கொடுத்தது. ஈரம் பட்டால்தான் இதெல்லாம், காய்ந்த கை காய்ந்த நாய் மேல் பட்டால் ஒன்றும் இல்லை என்றும் அவர் சொன்னார். அவர் சொன்ன எத்தனையோ விஷயங்களை நான் மறந்துவிட்டேன். இந்தக் கடைசி விஷயம் மட்டும் எனக்குத் தோதாக ஞாபகம் இருந்தது.

கடைக்குப் பின்கட்டில் எங்கள் வீடு, அதற்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுபதைத் தாண்டிவிட்டார். இந்த ஊரில் என் கோபத்துக்கு அசையாத ஆள் அவர் ஒருவர்தான். நான் கத்தி முடிக்கும் வரை, வகுப்பு அடங்கட்டும் என்று நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அடங்கியதும் கால் கிலோ உளுந்து கேட்பார்.

அந்தக் குட்டியை எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற ஒரு அம்மா கொண்டுவந்து அவரிடம் கொடுத்திருந்தாள். தாய் நாய் ஒரு வளைவில் காரில் அடிபட்டுச் செத்துவிட்டது. கூடப் பிறந்தவை என்ன ஆயின என்று தெரியவில்லை. இது ஒன்றுதான் மிஞ்சியது, வயது ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். செம்மண் நிறம், முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. இன்னும் பெயர் வைக்கவில்லையா என்று கேட்டேன். பேர் வைத்தாயே சோறு வைத்தாயா என்று ஊரார் கேட்பார்களே, அதனால் முதலில் சோறு வைத்துப் பழக்குகிறேன், பெயர் அப்புறம் என்றார். பால் மறக்காத வாயை நாய்த் தீனிக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். தீனி என் கடையில்தான் வாங்கினார்.

பத்து நாள்கூட ஆகவில்லை. அவருக்குப் பித்தப்பையில் கல் இருந்தது, சேலம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் திடீரென்று நாள் கொடுத்துவிட்டார்கள். தங்கை மகள் கூட இருந்து பார்த்துக்கொள்வாளாம். குட்டியைத்தான் கொண்டுபோக முடியாது. புதன்கிழமை காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகிற வழியில் கடையில் நின்றார். நான் யாருக்கோ சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி ஒரு கால் மணி நேரம் ஊற வெச்சுருங்க பாய். அப்புறம் கையால மசிச்சு, ஒரு விரல்ல எடுத்து அதோட வாயில வைக்கணும். தானாத் திங்க அதுக்கு இன்னும் தெரியலைங்க" என்றார்.

தலையை ஆட்டினேன். ஊற வைப்பது என்ற சொல் காதில் விழுந்த அந்த நொடியே அதை நான் செய்யப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். என்னால் முடியாததையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்கிறவன் என்று பெயர் எடுத்தவன்தான் நான். ஆனால் ஊரில் அத்தனை பேர் இருக்க அவர் என்னிடம் வந்து கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் டீச்சரின் கொல்லை. தாழ்வாரத்தில் ஒரு பழைய மரப்பெட்டியில் சாக்கு விரித்துக் குட்டியை விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாலோடு சேர்ந்து பின்பக்கம் முழுவதும் ஆடியது. நான் தள்ளி நின்று, கடையிலிருந்து எடுத்துப் போன கரண்டியால் தீனியை அள்ளி, அலுமினியக் கிண்ணத்தில் உயரத்திலிருந்து கொட்டினேன். சடசடவென்று விழுந்த சத்தத்துக்குக் குட்டி பயந்து பின்வாங்கியது. இன்னொரு கிண்ணத்தில் தண்ணீர். என் கையில் ஒரு சொட்டு ஈரம் படவில்லை. லுங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி வந்துவிட்டேன்.

எனக்கு நான் சொல்லிக்கொண்டது இதுதான்: என் மனைவி சுத்தம் பார்க்கிறவள். அடுக்களையில் கால் வைப்பதற்கு முன்னால் கால் கழுவச் சொல்கிறவள். நான் நாய் வாய்க்குள் விரலை விட்டுவிட்டு வந்து அவள் தண்ணீர்ப் பானையைத் தொட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? வாய் திறந்து சொல்ல மாட்டாள், மனசுக்குள் அருவருப்பாக இருக்கும். அவளுக்காகத்தான் இது என்று நினைத்தபோது, நான் மிகவும் நல்லவனாகத் தெரிந்தேன்.

அன்று மூன்று தடவை கொட்டினேன். சாயங்காலம் போனபோது கிண்ணம் காலியாக இருந்தது. ஊற வைப்பதாவது, மசிப்பதாவது, டீச்சர் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி நாயைக் கெடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பத்து மணிக்குப் போன் வந்தது. அன்று மதியம் அவருக்கு ஆபரேஷன். சாப்பிட்டதா என்று கேட்டார். சாப்பிட்டது, நன்றாக இருக்கிறது என்றேன். அந்தப் பதிலைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அப்போது எனக்குத் தெரியாது.

அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. கடையைச் சாத்திவிட்டு வந்தேன். தாழ்வாரத்தில் ஒரு தாய்க் குரங்கு, வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு, கிண்ணத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. தீனியைக் கைப்பிடியாக அள்ளிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தது. நாய்க்குட்டி பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை, அதற்கு இன்னும் குரைக்கத் தெரியாது. கல்லை எடுத்து வீசிக் குரங்கைத் துரத்தினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். குரங்கைத் திட்டுவது சுலபம்.

கிண்ணத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்து மறுபடியும் கொட்டினேன். இந்தத் தடவை நின்று பார்த்தேன். குட்டி முகர்ந்தது. ஒன்றை நாக்கால் புரட்டியது. வாயில் எடுத்து, பல்லுக்குள் நிற்காமல் கீழே போட்டது. இன்னொன்றை எடுத்துப் போட்டது. பிறகு என்னைப் பார்த்தது. முந்தின நாள் முழுக்க ஆடிய வால் இன்று நுனி மட்டும் அசைந்தது. முழுதாக ஒன்றரை நாள் அது ஒன்றும் தின்னவில்லை என்று அங்கே நின்றபடி கணக்குப் போட்டேன்.

அடுப்பில் வெந்நீர் போட ஐந்து நிமிஷம். ஊற கால் மணி நேரம். நான் செய்யவில்லை. பசி ருசி அறியாது என்பார்கள், நன்றாகப் பசித்தால் தானாகக் கடித்துத் தின்னும் என்று எனக்கு நானே சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும்போது எங்கள் அடுக்களை ஜன்னலில் என் மனைவி நிற்பதைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குட்டி எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் தூக்கியது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கரண்டிக் காம்பால் அதன் வாய்ப் பக்கம் தள்ளினேன். இரண்டு தடவை நக்கிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது. நான் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர் பீடிக்கட்டு கேட்டார், அவர் மேல் எரிந்து விழுந்தேன். பத்து மணிக்குப் போன் அடித்தது. ஆபரேஷன் முடிந்து மறுநாள். டீச்சரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. தங்கை மகள்தான் போனைக் காதில் பிடித்திருக்க வேண்டும்.

"சாப்டுச்சுங்களா பாய்?"

"சாப்டுச்சுங்க டீச்சர். நல்லா இருக்குது."

அவர் ஸ்தோத்திரம் என்று சொன்னது கேட்டது. அறுத்துத் தைத்த வயிற்றோடு படுத்திருக்கிற ஒரு மனுஷி, நான் சொன்ன பொய்க்காகத் தன் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.  அப்போதாவது எழுந்து போயிருக்க வேண்டும். அன்று ஜும்ஆ. குளித்து, வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கைலியும் உடுத்தி, அத்தர் போட்டு, கொல்லைப் பக்கம் போனால் துணி கெட்டுவிடும் என்று வாசல் வழியாகவே பள்ளிவாசலுக்குப் போனேன். வரிசையில் நின்றேன், குனிந்தேன், நெற்றியை வைத்தேன். ஓதியது எதுவும் மனதில் நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டில் மனைவி இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

டீச்சர் வீட்டுத் துவைக்கிற கல்லில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை இடுப்பில் செருகியிருந்தாள். மடியில் குட்டி. பக்கத்தில் எங்கள் வீட்டுக் கிண்ணம், நான் தயிர் ஊற்றிச் சாப்பிடுகிற கிண்ணம், அதில் வெந்நீரில் ஊறிக் குழைந்த தீனி. அவள் ஆள்காட்டி விரலில் கொஞ்சம் எடுத்துக் குட்டியின் மேல் அண்ணத்தில் தடவினாள். "தின்னு சாமி, தின்னு கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குட்டியின் தொண்டை ஒரு தடவை அசைந்தது.

இதைப் பார்த்து எனக்கு என்ன வந்திருக்க வேண்டும்? வந்தது கோபம்தான். யாரைக் கேட்டு இங்கே வந்தாய் என்று கத்தினேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். என் சத்தத்துக்குக் குட்டியின் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. வாயை மூடிக்கொண்டது.

அவள் விரலை எடுக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"மூணு நாளா ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். மொத நாளே வந்திருப்பேன். நீங்க சத்தம் போடுவீங்கன்னு பயந்துக்கிட்டு வரல. இப்பப் போட்டாச்சில்லீங்க? கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க, இது ஒரு வாய் முழுங்கட்டும்."

நான் நின்றேன். முப்பத்தியொரு வருஷத்தில் அவள் என்னைச் சும்மா நிற்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்து, உனக்கு அருவருப்பாக இருக்கும் என்றுதான் நான் ஊற வைக்கவில்லை என்றேன். 

"நானு எப்பங்க அப்பிடிச் சொன்னேன்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அவள் எப்போதும் சொன்னதில்லை. அவள் சொல்லாததை எல்லாம் நானே அவள் வாயில் போட்டு, அதற்கு நானே கட்டுப்பட்டு நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பிடிக்காததை அவளுக்குப் பிடிக்காது என்று சொல்லி வந்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும் என்று அவளும், அவளுக்கு அருவருப்பு வரும் என்று நானும் இருக்க, நடுவில் ஒரு சின்ன உயிர் பசியோடு கிடந்திருக்கிறது. இரண்டு பேரில் பயந்தவள் அவள். பயமுறுத்தியவன் நான். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும்.

மொபெட்டை எடுத்தேன். அவள் குட்டியைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் கிளம்பப் போகிற நேரம். குட்டியின் ஈறைத் தூக்கிப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் கிள்ளியபடியே நின்றது. பால்பல்லை வைத்துக்கொண்டு இது எப்படிக் காய்ந்த தீனியைக் கடிக்கும், கடையில் விற்கிறவருக்கே தெரியாதா என்று என்னைக் கேட்டார். முதுகுத் தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றினார். நாளைக்கு வந்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நெல்லிக்காய் அளவு தீனியை, தண்ணீராகக் கரைத்து, விரலில் வைத்து ஊட்டச் சொன்னார். பிழைக்குமா என்று என் மனைவி கேட்டாள். சாயங்காலத்துக்குள் ஒன்றுக்குப் போனால் பிழைக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும், அடுத்த தடவை நான் ஊட்டுகிறேன் என்றேன். அவள் மடியிலிருந்து குட்டியை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளைக் கைலியோடு அதே கல்லில் உட்கார்ந்தேன். கூழில் விரலைத் தோய்த்து அதன் உதட்டை விலக்கி உள்ளே வைத்தேன். வாய்க்குள் அனல் மாதிரிச் சூடு இருக்கும் என்று நினைத்தேன். குளிர்ந்து போயிருந்தது. நாக்கு என் விரலைச் சுற்றிக்கொண்டு மெதுவாக இழுத்தது. தாயிடம் குடிக்கிற இழுப்பு. ஊசி மாதிரிப் பல் குத்தியது, வலிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரில் அழுதது அதற்கு முன்னால் அத்தா மவுத்தாகி அடக்கம் செய்த அன்றுதான்.

ஐந்து மணிவாக்கில் குட்டி என் மடியிலேயே, கைலி நனைய, ஒன்றுக்குப் போனது. அந்த ஈரத்துக்காக நான் அல்லாவுக்கு நன்றி சொன்னேன். அவள் கொல்லைக் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்ற ஊற்ற, கையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கைலியை மாற்றிவிட்டு, பொழுது சாய்ந்ததும் மஃரிபு தொழுதேன். மொத்தம் பத்து நிமிஷ வேலை. மார்க்கம் என்னைக் கழுவச் சொல்லித்தான் இருந்தது, பட்டினி போடச் சொல்லவில்லை. அருவருப்பும் சோம்பலும் வீம்பும் என்னுடையவை, பழியை மட்டும் அவள் மேலும் மார்க்கத்தின் மேலும் போட்டிருந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போன் அடித்தது. கடையில் ஆள் இல்லை. உள்ளே அவள் குட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். டீச்சரின் குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதே கேள்வி. அதே பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இப்போது அது பொய்கூட இல்லை, குட்டி அப்போது உண்மையிலேயே தின்றுகொண்டுதான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் மூடிப்போகும். யாருக்கும் தெரியவே தெரியாது.

"இப்பச் சாப்பிடுதுங்க டீச்சர். மூணு நாள் சாப்பிடலீங்க. நான் ஊற வெக்கல. உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போவது கேட்டது. நான் கத்தும்போதெல்லாம் பொறுமையாக நின்றவர் இப்போது கத்தினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. யார் ஊட்டுகிறார்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். போனை என் மனைவியிடம் கொடுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் ஊர் திரும்பும் வரை போன் அவளுக்குத்தான் வந்தது. குட்டி பிழைத்துக்கொண்டது. எட்டாம் நாள் டீச்சர் வந்தார். குட்டியைத் தூக்கி விலாவைத் தடவிப் பார்த்தார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா வேற ஆளப் பாத்திருப்பேன் பாய். அதுக்குத்தான் தினமும் கேட்டேன்" என்றார்.

 இப்போதும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார். உளுந்து வாங்குகிறார். வெளியூர் போனால் குட்டியை விட்டுவிட்டுப் போவதும் எங்கள் வீட்டில்தான். ஆனால் அதைப் பற்றிப் பேசுவதெல்லாம் என் மனைவியிடம்தான்.

டீச்சர் திரும்பி வந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் நாங்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் பிழைக்க மலையை விட்டுக் கீழே போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஏனுங்க, ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் எதையும் இப்படித்தான் ஆரம்பிப்பாள். முதலில் விஷயத்தைச் சொல்லு என்று நான் அதட்டுவேன். பாதி நாள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். அன்று அதட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எனக்கு இந்த இடது கண்ணு ரெண்டு வருஷமாச் சரியாத் தெரியறதில்லீங்க" என்றாள். "இப்ப நொம்ப மங்கலாப் போச்சு."

இரண்டு வருஷம். அரிசியில் கல் கிடந்தது என்று அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை தட்டைத் தள்ளியிருக்கிறேன். படியில் தடுக்கி எண்ணெயைக் கொட்டியபோது, கண் எங்கே போச்சு என்று கடையில் நாலு பேர் முன்னால் கேட்டேன். அவள் குனிந்து எண்ணெயைத் துடைத்தாள்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. முதல் பஸ்ஸில் இறங்கி சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள், மெஷினில் மோவாயை வைக்கச் சொன்னார்கள். மதியத்துக்கு மேல் டாக்டர் கூப்பிட்டார். எங்கள் மகள் வயதுப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்துவிட்டது என்று படம் போட்டுக் காட்டினார். இடது கண்ணில் போனது திரும்பி வராது, வலது கண்ணை மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். ஏனம்மா இவ்வளவு நாள் வரவில்லை என்று அவளைக் கேட்டார்.

கடையில் ஆள் இல்லை, வேலை ஒழியவில்லை என்று அவள் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, எனக்காக, அவ்வளவு சரளமாகச் சொன்னாள். இப்படி எத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகியிருப்பாள் என்று நினைத்தேன்.

"இல்லீங்க டாக்டர். எங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு இருந்திருக்காங்க" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. மலைப் பாதை அவளுக்குக் குமட்டும், அதனால் ஜன்னலோரம் அவளை விட்டு இடது பக்கம் நான் உட்கார்ந்தேன். எப்போதும் அப்படித்தான் உட்காருவோம். பஸ் இரண்டு மூன்று வளைவு ஏறியது. பிறகு என் கையைத் தொட்டாள்.

"அந்தப் பக்கம் இருந்தா நீங்க தெரியறதில்லீங்க. இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றாள்.

பஸ் அடுத்த வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவளை இந்தப் பக்கம் நகர்த்தி, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன்.